காலை வெட்டி எடுப்பதற்கு முன் ரத்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்களா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை வந்து 20 வருடத்துக்கு மேல், பீடியை விட்டு மூன்று வருடம். இடது காலில் இரண்டாவது விரல் ஒன்றரை மாதமாகக் கருத்துக் காய்ந்து கிடக்கிறது, பெருவிரல் ஓரத்தில் ஆறாத புண். ஒரு மருத்துவர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் விரலை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார், மூன்றாமவர் ரத்தக்குழாய்க்குள் வலைக்குழாய் வைத்து விரிக்கும் ஸ்டென்ட் என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் ஒட்டும் பைபாஸ்தான் நிரந்தரம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் கணுக்கால் பிரஷர் டெஸ்டில் 1.2, நார்மல் என்று வந்திருக்கிறது, அப்படியானால் ரத்த ஓட்டத்தில் கோளாறே இல்லையா என்று ஒரு சந்தேகம். கேள்வியாக நீங்கள் எழுதியது "ஸ்டென்டா, பைபாஸா, எது பெஸ்ட்?" என்று. ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. காப்பாற்ற வழி இருந்தும் அவசரப்பட்டுக் காலை எடுக்கச் சொல்கிறார்களோ, இல்லை காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பணத்தையும் நாளையும் கரைக்கப் போகிறார்களோ என்ற பயம். இரண்டு பயமும் நியாயம்தான், இரண்டும் நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ரத்தநாள அறுவை சிகிச்சைதான் 23 வருடமாக என் தொழில், பாதிக் காலம் அரசு மருத்துவமனையில், மீதி ஒரு நடுத்தர ஊரில். உங்கள் அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் போட்டிருப்பது ஒரு போட்டோவும் பாதி ரிப்போர்ட்டும். ஆகவே இதைத்தான் செய்யுங்கள் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த வரிசையில் யோசிப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைச் சொல்ல முடியும். அதில் பெரும்பகுதி உறுதியாகத் தெரிந்த விஷயம், கொஞ்சம் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயாத விஷயம். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கருத்த விரல் பழைய பேரீச்சம்பழம் மாதிரி உலர்ந்து சுருங்கி, கருப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவில் ஒரு கோடு தெளிவாக விழுந்திருந்தால் அது காய்ந்த அழுகல். யோசிக்கச் சில நாள் இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் இல்லை. அதுவே ஈரமாகி, வீங்கி, நாற்றம் வந்து, சீழ் கசிந்து, சிவப்பு பாதத்தில் மேலே ஏறினால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், சாப்பாடும் மருந்தும் மாறாமலே சர்க்கரை 350, 400 என்று நின்றால், அப்பா அரைத்தூக்கமாகக் கிடந்தால், இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம், இன்று இரவே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த நிலையில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சீழைத் திறந்துவிட்டுச் செத்த சதையை எடுப்பதுதான் முதல் வேலை, ரத்த ஓட்டத்தை அடுத்த ஓரிரு நாளில் கவனிக்கலாம். விஷம் உடம்பில் ஏறிவிட்டதென்றால் உயிருக்காகக் காலையே எடுக்க வேண்டிய இரவுகளும் உண்டு, அப்போது எடுக்கச் சொல்லும் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். இன்னொன்று, நேற்றுவரை நன்றாக இருந்த கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது வேறு நோய். உறைந்த ரத்தக்கட்டி ரத்தக்குழாயை ஒரேயடியாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அதை எடுக்காவிட்டால் சதை சாக ஆரம்பித்துவிடும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டுமில்லை, காய்ந்த அழுகல் போலத்தான் இருக்கிறது. சரி, உட்கார்ந்து பேசலாம்.

இந்த நோய் ஒரே நாளில் இங்கே வந்து நிற்பதில்லை. முதலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இறுகப் பிடிக்கும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். அப்புறம் படுத்தாலே பாதம் எரியும், நடுராத்திரியில் எழுந்து கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். தொங்கவிட்டால் பூமியின் இழுப்பில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான் காரணம். வீட்டில் இருப்பவர்கள் கால் வீங்கியிருக்கிறதே என்று தலையணை வைத்துத் தூக்கிவிடுவார்கள், வலி இரண்டு மடங்காகும். அப்புறம்தான் புண், கருப்பு. சர்க்கரைக்காரர்களிடம் ஒரு வம்பு என்னவென்றால், நரம்பு மரத்துப்போயிருப்பதால் முதல் இரண்டு கட்டமும் தெரியாமலே நேராகக் கருத்த விரலோடு வருவார்கள். "வலியே இல்லையே சார், அதனால் பெரிசாக இருக்காது என்று நினைத்தோம்" என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். உங்கள் அப்பா இருப்பது இந்த நோயின் கடைசிக் கட்டத்தில். இப்படி ரத்த ஓட்டம் குறைந்து புண்ணோ ஓய்விலும் வலியோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காலுக்கே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் உலகத்தில் எந்த ரத்தநாள மருத்துவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு வருடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உயிரோடு இருப்பதில்லை, இன்னும் 30 சதவீதம் பேருக்குக் கால் போயிருக்கும். மருந்துகள் மேம்பட்ட பிறகு இது கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை.

இனி அந்த 1.2 விவகாரம். கணுக்காலில் எடுத்த பிரஷரைக் கையில் எடுத்த பிரஷரால் வகுத்து வரும் எண் அது. 1.0 முதல் 1.4 வரை நார்மல், 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு, 0.4-க்குக் கீழே என்றால் மோசம். கணக்கு சரிதான், ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம் அது பொய் சொல்லும். 20 வருடச் சர்க்கரையில் கெண்டைக்கால் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படிந்து மண்குழாய் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. பட்டையில் எவ்வளவு காற்று அடித்தாலும் குழாய் நசுங்குவதில்லை, மீட்டர் பெரிய எண்ணைக் காட்டுகிறது. சிலருக்கு 1.4-ஐத் தாண்டிப் போகும், அப்போதாவது சந்தேகம் வரும். 1.2 இன்னும் மோசம், ஏனென்றால் அது யோக்கியமான எண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கருத்த விரலும் நார்மல் எண்ணும் ஒரே காலில் இருந்தால் நான் விரலைத்தான் நம்புவேன். விரல் குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை, அதனால் பெருவிரலில் சின்னப் பட்டை சுற்றிப் பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களே, அந்த ரிப்போர்ட்டில் முழங்காலுக்குக் கீழே 'மோனோபேசிக்' என்று போட்டிருப்பதும் இதையேதான் சொல்கிறது. நல்ல குழாயில் துடிப்பு மூன்று அலையாக வரும், மேலே எங்கோ அடைப்பு இருந்தால் சுரத்தில்லாமல் ஒரே அலையாக இழுக்கும். ஆக, ரத்த ஓட்டக் கோளாறு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது "விரலை மட்டும் எடுத்துவிடலாம்" என்பதற்கு வருகிறேன். நான்கு யோசனைகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான், கேட்க மிகச் சின்ன விஷயமாக இருப்பதால். அசையாமல் இருக்கிற தோலுக்குத் தேவைப்படும் ரத்தம் கொஞ்சம், வெட்டிய காயம் ஆறத் தேவைப்படும் ரத்தம் அதைப்போலப் பல மடங்கு. ரத்தம் வராத காலில் விரலை எடுத்துத் தையல் போட்டால் பத்து நாளில் தையல் ஓரம் கருக்கும். அதை எடுக்க இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும், அதுவும் கருக்கும். நான் தனியாகத் தொழிலைத் தொடங்கிய புதிதில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் விரல், அப்புறம் பக்கத்து விரல், அப்புறம் முன்பாதம் என்று ஏழு வாரத்தில் மூன்று ஆபரேஷன். என்னிடம் வரும்போது குதிகால்வரை செத்திருந்தது, தொடையில்தான் எடுக்க முடிந்தது. அவர் கொண்டுவந்த ஃபைல்களைப் புரட்டினேன், பாதத்தில் நாடி துடிக்கிறதா இல்லையா என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. கத்தி எடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, யாரும் விரலை வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான அழுகலைத் தவிர மற்ற எல்லா நேரத்திலும் முதலில் ரத்தம், அப்புறம் கத்தி. இது சந்தேகத்துக்கு இடமில்லாத விதி. முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கும் இதே விதிதான், எடுத்த இடமும் ஆற வேண்டுமே.

சரி, ரத்தத்தை எப்படிக் கொண்டுபோவது. ஒரு சிடி ஆஞ்சியோ அல்லது நேரடி ஆஞ்சியோ எடுத்துப் படம் பார்க்காமல் ஸ்டென்டா பைபாஸா என்று யார் சொன்னாலும் அது ஜோசியம். படத்தில் நான் பார்ப்பது மூன்று விஷயம்: அடைப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், அதற்குக் கீழே பாதம்வரை போகும் ஒரு குழாயாவது உயிரோடு இருக்கிறதா. அடிவயிற்றில் இருக்கும் பெரிய குழாயில் அடைப்பு என்றால் ஸ்டென்ட் பிரமாதமாக வேலை செய்யும், பல வருடம் நிற்கும். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு அடைப்பு அதிகம் அங்கேயும் தொடையிலும்தான். தொடையில் பலூனோ (அடைப்புக்குள் விட்டு ஊதிக் குழாயை விரிப்பது) ஸ்டென்டோ ஓரளவு நிற்கும், அடைப்பு நீளமாக ஆக அடைபடும் வாய்ப்பும் கூடும். சர்க்கரைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, 2, 3 மில்லிமீட்டர் குழாய்களில். அங்கே சாதாரண உலோக ஸ்டென்ட் வைப்பதில் பெரிய லாபம் இல்லை, பெரும்பாலும் பலூன்தான், அதுவும் சில மாதங்களில் பாதிக்குப் பாதி திரும்ப இறுகிவிடும். இதைச் சொன்னதும் வீட்டுக்காரர்கள் "அப்படியானால் எதற்குச் செலவு" என்று கேட்பார்கள். புண் ஆறுகிறவரைதான் அவ்வளவு ரத்தம் தேவை. நாற்று வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கட்டுவதுபோல, நான்கைந்து மாதம் ரத்தம் ஓடிப் புண் மூடிவிட்டால், அப்புறம் குழாய் கொஞ்சம் இறுகினாலும் மூடிய தோலைக் காப்பாற்றக் குறைந்த ரத்தம் போதும்.

பலூன் யோசனையே ஒரு கருத்த காலில்தான் பிறந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் 82 வயது மூதாட்டி ஒருவர் அழுகிய பாதத்தோடு வந்து, காலை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தொடைக்குழாயின் குறுகலை, ஒன்றைவிட ஒன்று தடிமனான மெல்லிய குழாய்களை உள்ளே விட்டு விரித்தார். வலி போனது, புண் ஆறியது, அந்தம்மா சாகும்வரை இரண்டரை வருடம் சொந்தக் காலில் நடந்தார். இதயத்துக்குப் பலூன் போடுவதெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான். காலின் பைபாஸ் அதற்கும் முன்பே, 1948-இல் பாரிசில் ழான் குன்லின் செய்தது. நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை, எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடைப்பைத் தாண்டி ஒட்டினார். இன்றுவரை அடிப்படை அதேதான்.

எது மேல் என்பதில்தான் சண்டை. இதற்கென்றே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்து, ஒன்றுக்கொன்று எதிராகப் பேசின. 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ, 1,830 பேர். தொடையில் நல்ல நீளமான சிரை இருந்தவர்களில், பைபாஸ் செய்தவர்களுக்குப் பெரிய மறு ஆபரேஷன், கால் இழப்பு, மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது 42.6 சதவீதம், பலூன் வழியில் 57.4 சதவீதம். பைபாஸ் ஜெயித்தது. நல்ல சிரை இல்லாதவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த வருடமே பாசில்-2 வந்தது. அது 345 பேர்தான், ஆனால் எல்லாரும் உங்கள் அப்பா மாதிரி முழங்காலுக்குக் கீழே சரிசெய்ய வேண்டியவர்கள். இதில் கால் இழப்பு அல்லது மரணம் பைபாஸில் 63 சதவீதம், பலூனில் 53 சதவீதம். பலூன் ஜெயித்தது, அந்த வித்தியாசமும் பெரும்பாலும் மரணக் கணக்கிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து என்ன சொல்வது? எங்கள் மாநாடுகளில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம் என்பதுதான் உண்மை. என் சொந்த முடிவு, இது தீர்ப்பு இல்லை: இதயம் தாங்கும், தொடையில் நல்ல சிரை இருக்கிறது, பாதத்தில் ஒட்டுவதற்கு ஒரு குழாய் இருக்கிறது, அடைப்பு நீளம், புண் பெரிது என்றால் பைபாஸைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இதயம் பலவீனம், சிரை இல்லை, புண் சின்னது என்றால் பலூன். 10 வருடம் முன்பு ஒரு பள்ளி ஆசிரியருக்கு, நல்ல சிரை இருந்தும், சுலபமாக முடியட்டும் என்று ஒரே காலில் மூன்று தடவை பலூன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதத்தில் அடைத்தது, நான்காவதாகப் பைபாஸுக்குப் போனபோது கீழே ஒட்ட வேண்டிய குழாயே வீணாகியிருந்தது. அந்தக் கால் போனது என் கணக்கில்தான்.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு கேள்வி. பலூன் என்கிறவரிடம், "பைபாஸுக்கு ஏற்ற சிரை இருக்கிறதா என்று டாப்ளரில் அளந்து பார்த்தீர்களா" என்று கேளுங்கள். பைபாஸ் என்கிறவரிடம், "இதய எக்கோ பார்த்தீர்களா, கீழே எந்தக் குழாயில் ஒட்டுவீர்கள்" என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள். சிரை என்றதும் ஒன்று, ஊரில் நரம்பு என்று சொல்வார்களே, உள்பக்கக் கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடும் அந்தப் பச்சைக் குழாய்தான் பைபாஸுக்கு வேண்டியது. அதில் யாரையும் டிரிப் ஏற்ற விடாதீர்கள்.

சந்தேகக் கணக்கில் இன்னும் சில, சுருக்கமாக. மருந்து தடவிய பலூனால் மரணம் கூடுகிறது என்று 2018 கடைசியில் ஒரு ஆய்வு வந்து உலகமே பயந்தது, பிறகு வந்த தரவுகளைப் பார்த்து அமெரிக்க மருந்துத் துறை 2023-இல் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. பயப்பட வேண்டாம், ஆனால் அது காலை அதிகமாகக் காப்பாற்றுகிறது என்பதும் நிரூபணம் ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்துத் தானாகக் கரைந்துபோகும் ஒரு ஸ்டென்டுக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நம்பிக்கை தருகிறது, எல்லாருக்கும் பொருந்தாது. பாதத்தில் ஒட்டவே குழாய் இல்லாதவர்களுக்குச் சிரை வழியாகவே சுத்த ரத்தத்தைத் திருப்பிவிடும் முறை ஒன்று இருக்கிறது. 2023-இல் வந்த ஆய்வில் 105 பேரில் ஆறு மாதத்தில் 76 சதவீதம் பேருக்குக் கால் தப்பியது, ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. ஸ்டெம்செல் ஊசிக்கு இந்தியாவில் ஒரு தயாரிப்புக்கு அனுமதி உண்டு, வேறு வழியே இல்லாதவர்களுக்கு யோசிக்கலாம், குழாயைத் திறக்க வழி இருக்கும்போது அதை முதலில் செய்வது காலத்தைக் கடத்துவது. சுவரொட்டிகளில் "ஆபரேஷன் இல்லாமல்" என்று வருகிறதே, காலில் பட்டை கட்டி இதயத்துடிப்புக்கு ஏற்ப அழுத்துகிற சிகிச்சை, அது கால் குழாய் அடைப்பு கடுமையாக இருப்பவர்களுக்குச் செய்யக் கூடாத பட்டியலில் இருக்கிறது. ரத்தக்குழாயைக் கழுவுகிறேன் என்று வாரம் ஒரு டிரிப் ஏற்றுவதற்கும் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சிறுநீரகம் பற்றி நீங்கள் எழுதவில்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். ஆஞ்சியோ சாயம் பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதற்காக ஆஞ்சியோவே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள், சாயத்தைக் குறைக்கவும், சில இடங்களில் கரியமில வாயுவை வைத்தே படம் எடுக்கவும் வழி இருக்கிறது.

மாத்திரைகள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நோயாளிகளில் நிறையப் பேர் காலால் சாவதில்லை, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகிறார்கள். காலில் அடைத்த அதே சரக்கு இதயத்திலும் கழுத்திலும் படிந்திருக்கும். கொலஸ்ட்ரால் நார்மல்தானே என்று ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துகிறார்கள், இவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டல், சாதாரண ஆளின் நார்மல் இவர்களுக்கு நார்மல் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ ஏதாவது ஒன்று ஓட வேண்டும். குழாயைத் திறந்த பிறகு ஆஸ்பிரினோடு ரிவராக்ஸபான் என்ற இன்னொரு உறைதடுப்பு மாத்திரையை 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை சேர்ப்பது பற்றி, 2020-இல் வெளியான ஆய்வில் 6,564 பேரிடம் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் திடீர்க் கால் அடைப்பு, கால் இழப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து 19.9 சதவீதம் 17.3 ஆகக் குறைந்தது. பெரிய வித்தை இல்லை, ரத்தக்கசிவும் கூடியது, வயிற்றில் புண் இருந்தவருக்கு நான் கொடுக்கத் தயங்குவேன். சிலோஸ்டசால் மாத்திரை நடை வலிக்கு உதவும், கருத்த விரலைத் திருப்பாது, இதயம் வீங்கிப் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. நடைப்பயிற்சி நடந்தால் பிடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அருமருந்து, ஆனால் பாதத்தில் திறந்த புண்ணோடு அப்பாவை நடக்க வைக்காதீர்கள். பீடி விட்டது இந்த மூன்று வருடத்தில் அவர் செய்த மிகப் பெரிய வைத்தியம், அதை அவரிடம் சொல்லுங்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலை எடுப்பது எப்போதும் தோல்வி என்று நான் நினைப்பதில்லை. பாதத்தின் பெரும்பகுதி செத்துவிட்டவர், முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகி வருடக்கணக்காகப் படுக்கையில் இருப்பவர், நான்கு மாதம் வலியில் தூங்காமல் "எடுத்துவிடுங்கள் ஐயா" என்று கும்பிடுகிறவர், இவர்களுக்கு ஒரே ஆபரேஷனில் நல்ல இடத்தில் எடுத்துவிடுவதுதான் கருணை. எடுக்கத்தான் வேண்டுமென்றால் முழங்கால் மூட்டைக் காப்பாற்றச் சொல்லி வாதாடுங்கள். மூட்டு இருந்தால் செயற்கைக்காலோடு பேருந்து ஏறுவார், மூட்டும் போனால் அந்த வயதில் பெரும்பாலானவர்கள் சக்கர நாற்காலியோடு நின்றுவிடுகிறார்கள், நடக்கத் தேவைப்படும் தெம்பு அவ்வளவு கூடிவிடும். உங்கள் அப்பாவுக்கு ஒரு விரலும் ஒரு சின்னப் புண்ணும் என்றால், ஆஞ்சியோ பார்க்காமல் முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. எடுக்கச் சொன்னவர் நான் பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கலாம், அது என்ன என்று அவரிடமே கேட்பதில் தப்பில்லை.

நீங்கள் திண்டுக்கல் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்று தனித் துறை இருக்கிறது, சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி இரண்டிலும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், தனியார் மருத்துவமனை என்றாலும் உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். இன்னொரு கருத்துக் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் தள்ளாதீர்கள். ஆஞ்சியோ எடுத்தால் பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் பதிவாகியிருக்கும் சிடி டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அதுவரை வீட்டில்: காலை வெந்நீரில் வைக்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம், மரத்த பாதம் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. கருத்த விரலை ஊறவைக்காமல் காய்ந்தபடியே, விரல்களுக்கு இடையே உலர்ந்த காஸ் துணி வைத்து விடுங்கள். ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவ வேண்டாம். படுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே மெல்லிய தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள், குதிகாலில் புண் விழுந்தால் விரலைவிடப் பத்து மடங்கு கஷ்டம். புண் ஆறிய பிறகு எம்சிஆர் செருப்பு (மரத்த பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), வீட்டுக்குள்ளேயும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுற்றி உள்ளங்கால் முழுக்கக் கொப்பளத்தோடு வருகிற சர்க்கரைக்காரர்களை வருடா வருடம் பார்க்கிறேன், கோபுரத்தை வாசலில் நின்று கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

எல்லாரும் இடது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், நீங்கள் போட்ட போட்டோவிலும் அது மட்டும்தான். இன்று ராத்திரி அப்பா படுத்ததும் டார்ச் எடுத்து வலது காலைப் பாருங்கள், விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம். பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே இரண்டு விரலை லேசாக வைத்துத் துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் உங்கள் காலில் ஒருமுறை தேடிப் பழகிவிட்டுத் திரும்ப அவர் காலில் வைத்துப் பாருங்கள்.